ஆட்சேபிக்காத நாற்காலி

இந்தக் கதையில் வரும் நாற்காலி கறுப்பா பழுப்பா என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை. பெரியவர் போன பிறகு அதற்குப் புதுத் தோல் போட்டார்களா, அவர் இருந்தபோதே போட்டார்களா என்பதும் மறந்துவிட்டது. நான் சொல்வது அத்தனையும் அப்படியே நடந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். அறக்கட்டளையின் கூட்டக் குறிப்புகள் இதே சம்பவங்களை வேறு விதமாகச் சொல்கின்றன. அவை நல்ல காகிதத்தில் பிழையில்லாமல் அச்சானவை. என்னிடம் இருப்பதெல்லாம் அவள் சொன்னதும், சொல்லாமல் விட்டதும்தான். சொல்லாமல் விட்டதே அதிகம்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். இருட்டறையில் உட்கார்ந்து, முகத்தில் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டிக்கொண்டிருப்பவரிடம், இது தெளிவாக இருக்கிறதா, இதைவிட அது தெளிவாக இருக்கிறதா என்று நாள் முழுவதும் தணிந்த குரலில் கேட்பாள். மற்றபடி பேச்சு குறைவு. வீட்டில் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்தவள். மேலே ஓர் அண்ணன், கீழே ஒரு தம்பி.

அப்பா பூட்டுத் தயாரித்துப் பணக்காரர் ஆனவர். கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் செய்ததைவிட ஆஸ்பத்திரிகளுக்குச் செய்ததுதான் பெயர் வாங்கித் தந்தது. மனநோய் வார்டுகளின் கதவுக்கு அவர் பூட்டை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. உள்ளிருந்து என்ன செய்தாலும் அசையாது. அப்படியிருக்க, கடைக்குட்டிக்கு இருபது வயதில் யாரும் பேசாதபோது பேச்சு கேட்க ஆரம்பித்தது. அவனை ஒரு வார்டில் சேர்த்தார்கள். பார்க்கப் போன அப்பா கதவுக்கு வெளியே நின்றார். பூட்டின் மேல் அவர் பெயர் பொறித்திருந்தது. சாவிக்காரன் சாப்பிடப் போயிருந்தான். அவன் வரும்வரை பெரியவர் தன் பெயரைத் தானே வாசித்துக்கொண்டு நின்றாராம்.

அதற்குப் பிறகு அமைந்ததுதான் குடும்ப அறக்கட்டளை. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறார் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். தொட்டில் நன்றாகவே ஆடியது. தொழிற்சாலையை ஒட்டிய ஒரு பழைய வீட்டை எடுத்து, கதவுகளில் இருந்த தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றினார். பூட்டில்லா வீடு என்று பெயர். மனம் சரியில்லாதவர்கள் காலையில் வருவார்கள், சாயங்காலம் போவார்கள். சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், ரேடியோவில் எந்த நிலையத்தைப் போடுவது என்று சண்டை பிடிப்பார்கள். முடியாத நாளில் யாரும் எதுவும் கேட்காமல் ஜன்னலோரம் படுத்துக்கிடக்க விடுவார்கள். வாரம் இரண்டு முறை டாக்டர் வருவார். வீட்டை நடத்தியவர் முன்பு நர்ஸாக இருந்த ஓர் அம்மா. எல்லோருக்கும் அவர் சிஸ்டர். தம்பி அங்கே போக ஆரம்பித்த பிறகு அவனை ஒரு முறைகூட ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரவில்லை.

நாற்காலி வழக்கம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெரியவருக்குக் கடைசி வருஷங்களில் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. இடது கையை மட்டும் கொஞ்சம் தூக்க முடியும். ஆனாலும் அவர்தான் நிறுவனர். ஆகவே தீர்மானங்களை அவர் முன்னால் வாசித்து, "ஆட்சேபம் இருந்தால் கையைத் தூக்குங்கள் ஐயா" என்று சொல்லி, ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். கை எழவில்லை என்றால் தீர்மானம் நிறைவேறியது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதைக் குடும்ப வக்கீலாக இருந்த மாமா விதிமுறையிலேயே சேர்த்துவிட்டார். பெரியவர் இறந்தபோது இந்த விதியை என்ன செய்வது என்று ஒரு குழு ஆராய்ந்தது. எதுவும் செய்ய வேண்டாம் என்று முடிவாயிற்று. தீர்மானங்கள் காலியான நாற்காலியின் முன் வாசிக்கப்பட்டன. ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது தந்த அதே ஒத்துழைப்பைப் பெரியவர் பிறகும் தந்துவந்தார்.

ஒருநாள் அண்ணன் கண்ணாடிக் கடைக்கே வந்தான். வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். அறக்கட்டளைக்குத் தலைவராக வா என்றான். தனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றாள். தெரிந்தவர்கள் ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறோம், இடமில்லை என்றான். அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"தம்பிய யோசிச்சுப் பாரு. நான் பிசினஸ் பாக்கறவன். நாளைக்கு யாராவது அந்த வீட்டு மேல கை வெச்சா கேக்க ஆள் வேணாமா? நீ அங்க உக்காந்திருந்தாலே போதும். ஒருத்தனும் தொட மாட்டான்."

அவள் சரி என்றாள். அன்று சாயங்காலமே தம்பியிடம் போய்ச் சொன்னாள். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அப்ப இந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

"ஆகாது. நான் இருக்கேன்ல."

அவன் தலையாட்டினான். அவன் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. காதில் விழும் பேச்சில் எது நிஜம், எது நிஜமில்லை என்று சந்தேகம் வந்தால் அக்காவுக்குத்தான் போன் பண்ணுவான். அவள் இல்லை என்றால் இல்லை, ஆமாம் என்றால் ஆமாம். அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பல வருஷம் கிணற்றில் விழாமல் இருந்தான்.

அறக்கட்டளையின் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல் தளத்தில் இருந்தது. காலடி ஓசை கேட்காதபடி கனமான கம்பளம். அறைகளுக்கு எண் கிடையாது. நிதானம், நம்பிக்கை, பரிவு என்று பெயர். வேலையை விட்டு அனுப்பும் செய்தியைப் பரிவில் வைத்துத்தான் சொல்வார்கள். அதனால் பரிவுக்குக் கூப்பிட்டால் ஊழியர்கள் கையோடு பையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வரவேற்பில் ஒரு தொலைபேசி அடிக்கடி அடிக்கும். அறக்கட்டளையின் பெயரைப் பார்த்துவிட்டு, தாங்க முடியாத நிலையில் யாராவது கூப்பிடுவார்கள். எடுத்துப் பேச அங்கே யாருக்கும் பயிற்சி இல்லை என்பதால் ஒரு பதிவுக் குரலை வைத்திருந்தார்கள். குரல் தேன்போல இருந்தது. "நீங்கள் தனியாக இல்லை. தற்போது உங்கள் அழைப்பை ஏற்க இங்கு யாரும் இல்லை."

அவளை வரவேற்றவர் செயலர். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். எள் என்று யார் சொன்னார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்வார். கூட்டங்கள் தொடங்கும் முன் எல்லோரும் அவரவர் உள்மனத்தின் வானிலையைப் பகிர்ந்துகொள்வது மரபு என்று விளக்கினார். கணக்காளர் தனக்குள் மிதமான மழை என்றார். வக்கீல் மாமா எனக்கும் அதேதான் என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை எடுத்தார். அவள் முறை வந்தபோது தனக்குத் தலைவலி என்றாள். பகிர்தல் ஆழமடைந்தது என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். சுவரோரம் நின்ற ஒரு புகைப்படக்காரர் ஆண்டு மலருக்காக அதையும் படம் எடுத்தார்.

அவள் கேட்ட முதல் கேள்வி, பூட்டில்லா வீட்டைப் போல நாம் எத்தனை வீடுகளுக்கு உதவுகிறோம் என்பது. அறையில் எல்லோரும் ஆலோசகரைப் பார்த்தார்கள். ஆலோசகர் மெல்லிய கழுத்தும் விலையுயர்ந்த செருப்பும் உடைய பெண்மணி. பதில் சொல்லும் முன் கண்ணை மூடித் திறப்பார்.

"நாம சேவைக்கு நிதி குடுக்கற அமைப்பு இல்ல மேடம். சேவையே தேவைப்படாத ஒரு சமூகத்துக்கு நிதி குடுக்கற அமைப்பு."

"அந்தச் சமூகம் எங்க இருக்கு?"

"அதைத்தான் ஆய்வு பண்ணிட்டிருக்கோம்."

சில வாரம் கழித்து ஆய்வு பூட்டில்லா வீட்டுக்கே வந்தது. ஆலோசகர் ஓர் அட்டை கொண்டுவந்தார். அதில் அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை வரிசையாக வட்ட முகங்கள். ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். சிரிப்பைத் தொட்டவர்கள் குணமானவர்கள், ஆகவே அவர்களுக்கு வீடு இனித் தேவையில்லை. அழுகையைத் தொட்டவர்களுக்கு வீட்டால் பலனில்லை, ஆகவே வீடு தேவையில்லை. நடுவிலிருந்த முகத்தைத் தொட்டவர்களுக்கு அட்டையே புரியவில்லை என்று கணக்கில் சேர்க்கவில்லை. தம்பியிடம் அட்டையை நீட்டியபோது, இன்றைக்கா பொதுவாகவா என்று கேட்டான். ஆலோசகர் எழுதிக்கொண்டார். எப்போதும் தொப்பி போட்டிருக்கும் பழைய தபால்காரர் ஒருவர், நீங்கள் எதைத் தொடுவீர்கள் என்று அவரையே கேட்டார். இந்த அட்டை ஊழியர்களுக்கு உகந்ததாகச் சரிபார்க்கப்படவில்லை என்று ஆலோசகர் கனிவாகச் சொன்னார்.

ஆலோசகர் போன பிறகு சிஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு அவளிடம் வந்தார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்வாங்க. இவங்க போடாமலே அளக்கறாங்களே, உங்க ஆபீஸ்ல ஏதாவது நடக்குதாம்மா?" என்றார். அவள் ஒன்றும் இல்லை என்றாள். அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறான். அண்ணனின் வாக்கைத்தான் அவள் தம்பிக்குக் கொடுத்திருந்தாள்.

ஆண்டு விழா ஒரு பெரிய அரங்கில் நடந்தது. வாசலில் தம்பியின் முகம் ஆள் உயரத்துக்கு அச்சாகித் தொங்கியது. அவனைக் கேட்காமல் போட்டிருந்தார்கள். அவன் அதன் முன் நின்று, யாரோ தெரிந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு அவளோடு உள்ளே போய் நடு வரிசையில் உட்கார்ந்தான். தலைவர் மேடையில் அமர வேண்டும் என்று செயலர் இரண்டு முறை வந்து கெஞ்சினார். அவள் எழுந்திருக்கவில்லை. செயலரே பேசினார்.

"பாதிக்கப்பட்டவர்களின் குரல் ஒலிக்க வேண்டும் என்பதே எங்கள் கொள்கை. அந்தக் குரல் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே அவர்களுக்குப் பதிலாக நாங்கள் பேசுகிறோம்."

கைதட்டினார்கள். அடுத்து அண்ணன் பேசினான். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "என் தம்பியை நான் நினைக்காத நாளில்லை. நேரில் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன என்றாலும், ஒவ்வொரு உரையிலும் அவனைச் சந்திக்கிறேன்" என்றான். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். தம்பி அவள் பக்கம் சாய்ந்து கேட்டான்.

"நான் செத்துட்டேனாக்கா? இப்ப கேட்டது நிஜமா?"

"கேட்டது நிஜம். நீ சாகல."

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. அவளுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் கெட்டது.

அடுத்த கூட்டத்தில் செயலர் தீர்மானத்தை வாசித்தார். பூட்டில்லா வீட்டின் பணி வெற்றிகரமாக நிறைவடைந்ததை முன்னிட்டு, அதை மனநல விழிப்புணர்வு மையமாக உயர்த்துவது. தற்போது வந்துசெல்பவர்களைச் சமூகத்திடமே அன்புடன் திருப்பி ஒப்படைப்பது. வாசித்து முடித்து, காலி நாற்காலியைப் பார்த்து, ஆட்சேபம் இருந்தால் கையைத் தூக்குங்கள் ஐயா என்றார். எல்லோரும் தலைகுனிந்தார்கள். மௌன நிமிஷம் ஆரம்பித்தது.

அவள் எனக்குச் சம்மதம் இல்லை என்றாள்.

செயலர் விரலை உதட்டில் வைத்தார். நிமிஷம் முடிந்ததும், மௌனத்தின்போது பேசுவதைக் குறிப்பில் ஏற்ற வழியில்லை என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அப்படியானால் இப்போது சொல்கிறேன் என்றாள். இப்போது தீர்மானம் நிறைவேறிவிட்டது என்றார்.

"பின்ன எப்பதாங்க பேசறது?"

"வாசிக்கிறதுக்கு முன்னாடி பேசலாம் மேடம். ஆனா வாசிக்காத தீர்மானத்தைப் பத்திப் பேசறது நாகரிகம் இல்ல."

அவள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அண்ணன் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஆலோசகர் கண்ணை மூடியிருந்தார். தனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு முறை வாசியுங்கள் என்று கேட்டாள். தலைவர் கேட்டால் வாசித்தே ஆக வேண்டும். செயலர் மறுபடி வாசித்தார். மௌனத்துக்காகத் தலைகள் குனிந்தபோது அவள் எழுந்து போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

பெரியவர் போன பிறகு அந்த நாற்காலி முதன்முறையாக ஆட்சேபித்தது. மாமாவின் கையிலிருந்த பிஸ்கட் பாதியாக உடைந்து டீயில் விழுந்தது. எது மரபு என்று யாருக்கும் தெரியவில்லை. புகைப்படக்காரருக்கு மட்டும் தன் வேலை தெரிந்திருந்தது. அவள் கை வலிக்கும்வரை தூக்கியே வைத்திருந்தாள். அந்த நிமிஷம் முடிந்தபோது, ஜெயித்துவிட்டோம் என்றே அவளுக்குத் தோன்றியதாம். வாழ்க்கையில் அவள் அத்தனை சத்தமாகப் பேசியதே கிடையாது.

அண்ணன் அவளைப் பரிவு அறைக்கு அழைத்துப் போனான். கதவைச் சாத்தினான். கோபப்படவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

"அப்பாவும் தூக்கினாரு," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனான். அப்பாவின் கடைசி வருஷத்தில் இதே தீர்மானம் ஒரு முறை வந்தது. அப்பா கையைத் தூக்கினார். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று, இறக்கவேயில்லை. மாமாதான் எழுந்து போய், நோவாமல் பிடித்து மடியில் இறக்கிவைத்தார். மறுபடி தூக்கினார். மறுபடி இறக்கிவைத்தார்.

"குறிப்புல என்னன்னு எழுதினீங்க?"

"கையுயர்த்தி ஆசி வழங்கினார்னு."

வெளியே வரவேற்பில் தொலைபேசி அடித்து நின்றது. அப்போதே ஏன் மூடவில்லை என்று கேட்டாள். அப்பா கண்ணெதிரில் மூடினால் பார்க்கிறவர்கள் தப்பாகப் பேசுவார்கள் என்று நிறுத்திவைத்தோம் என்றான். அப்பா போன பிறகு தம்பி ஒருவன்தான் இடைஞ்சல். அவன் வாசலில் நின்று கத்தினால் பத்திரிகையில் வரும்.

"அதுக்கு என்னை எதுக்குக் கூப்பிட்ட?"

"வேற யாரு சொன்னாலும் அவன் நம்ப மாட்டான்," என்றான் அண்ணன். "நீ சொன்னா கேப்பான். நல்லதுக்குத்தான். நீ நினைக்கிற மாதிரி நான் கல் மனசுக்காரன் இல்ல."

அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினான் என்று அவள் சொல்லுவாள். அதுதான் ஆறவில்லை என்பாள். நம்பவைத்துக் கழுத்தறுக்கிறவன் கையில் கத்தியாவது தெரியும். இவன் கையில் தண்ணீர்க் கோப்பைதான் இருந்தது.

மறுநாள் காலை வீட்டின் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேருவதற்குள் எல்லோரும் வாசலில் கூடியிருந்தார்கள். அறிவிப்பில் எழுத்து கொஞ்சம்தான். பெரியதாக இருந்தது படம். பெரியவரின் நாற்காலியில் தலைவர், கையை உயர்த்தி. கீழே ஒரே வரி, பெரியவரின் வழியில் புதிய தொடக்கத்துக்கு ஆசி வழங்குகிறார். தொப்பிக்காரர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். தம்பி படத்தின் முன்னால் நின்றிருந்தான்.

"இது நீதானக்கா?"

"நான்தான்டா. ஆனா அது வேண்டாம்னு தூக்கின கை."

"உன் கைதானே?"

"என் கைதான். ஆட்சேபம்னா கையத் தூக்கணும், அது அங்க வழக்கம். அதுக்காகத்தான்…"

சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. காலி நாற்காலியிடம் கேட்பார்கள், நாற்காலி சும்மா இருந்தால் சரி என்று அர்த்தம், அதனால் நான் போய் நாற்காலியாக உட்கார்ந்தேன் என்று தெருவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். தம்பி குறுக்கே பேசாமல் கேட்டான். அவனிடம் இப்படிப்பட்ட கதைகளை டாக்டர்கள் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பார்த்த மாதிரியே அவளைப் பார்த்தான்.

"இல்லாததெல்லாம் எனக்குக் கேக்கும். அது எனக்குத் தெரியும்," என்றான். "இருக்கறத இல்லன்னு நீயும் சொல்லாத."

அந்த இடத்தில் அவள் கதையை நிறுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை.

மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் ராஜினாமா செய்தாள். அது நாற்காலியின் முன் வாசிக்கப்பட்டு, ஆட்சேபம் இல்லாததால் ஏற்கப்பட்டது. இப்போது அண்ணன்தான் தலைவர். மனநலத்துக்குச் செய்த தொண்டுக்காக அவனுக்கு ஒரு விருது கிடைத்தது. செயலர் முதியோர் நலனுக்கான இன்னும் பெரிய அறக்கட்டளை ஒன்றுக்குப் போய்விட்டார். ஆலோசகரின் ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. மாமா காலமானார். அவர் நாற்காலியையும் எடுக்கவில்லை. இப்போது இரண்டு நாற்காலிகள் ஆட்சேபிப்பதில்லை. வீடு விழிப்புணர்வு மையமாகிவிட்டது. கீழ்த்தளத்தில் பூட்டுக் கம்பெனியின் காட்சியறை, மேலே முன்பதிவு செய்த குழுக்களுக்கு ஒரு குறும்படம். சிஸ்டர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கிறார். அவளோடு பேசுவதில்லை. தொப்பிக்காரரை அவருடைய மகள் வேறு ஊருக்குக் கூட்டிப்போனாள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

அவள் அதே கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். வீடு மூடிய மூன்றாம் மாதம் தம்பி வார்டில் சேர்ந்தான், இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறாள். அவன் வந்து எதிரில் உட்காருவான், கொண்டுபோன பழத்தைச் சாப்பிடுவான், கடை எப்படிப் போகிறது என்று மரியாதையாகக் கேட்பான். எது நிஜம் என்று இப்போதெல்லாம் அவளிடம் கேட்பதில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்கிறானாம்.